ரன்வே ஓரத்து நாட்குறிப்பு: பன்னாட்டுப் பயிற்சியில் போர் விமானங்கள்

செப்டம்பர் 4, வியாழன்

பயிற்சி தொடங்கத் திங்கட்கிழமை ஆகும். வேலியோரம் நின்று விமானங்களைப் படம் எடுக்கப்போகிறவர் அதற்குள் செய்யவேண்டிய முதல் வேலை வரைபடத்தைப் பார்ப்பது. லென்ஸ் துடைப்பதெல்லாம் அப்புறம்.

ரன்வேயின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் காந்தத் திசை வரும். 06/24 என்றால் ஒரு முனையிலிருந்து 60 டிகிரி, மறுமுனையிலிருந்து 240. வட அரைக்கோளத்தின் பெரும்பகுதியில் சூரியன் தெற்கு வழியாகப் போவதால், ரன்வேக்குத் தெற்கே நிற்பவருக்குக் காலை முழுக்க வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும். செப்டம்பரில் அது ஏறக்குறைய நேர் மேற்கில் இறங்கும். ஆகவே பிற்பகல் முடிவில் 240 டிகிரியைக் கடந்து ரன்வேக்கு வடக்கே போய்விடுகிறது. அதற்குப் பிறகும் தெற்கிலேயே நின்றால் கிடைப்பது நிழலுருவம்தான். ஆஸ்திரேலியாவின் டார்வினில் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் பிட்ச் பிளாக் பயிற்சியில் இது தலைகீழ்: சூரியன் வடக்கே.

அடுத்தது தூரம். வரைபடத்தில் வேலியிலிருந்து ரன்வே நடுக்கோடு வரை அளக்கவும். 15 மீட்டர் நீள எஃப்-16, முழுச்சட்டக சென்சாரின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்ப, மீட்டரில் உள்ள தூரத்தை 1.6-ஆல் பெருக்கினால் வேண்டிய லென்ஸின் குவியத் தூரம் மி.மீ. கணக்கில் கிடைக்கும்: 250 மீட்டருக்கு 400 மி.மீ., 400 மீட்டருக்கு 640. ரஃபேலுக்கும் இதே கணக்குதான். 19 மீட்டரைத் தாண்டும் எஃப்-15க்கு 1.25, 22 மீட்டர் சுகோய்-30க்கு 1.1. சிறிய சென்சார் கேமரா என்றால் விடையை 1.5-ஆல் வகுக்கவும். விடை 800-ஐத் தாண்டினால் பெரிய லென்ஸ் தேடாதீர்கள், வேறு இடம் தேடுங்கள். ஏன் என்பது புதன்கிழமைக் குறிப்பில்.

செப்டம்பர் 5, வெள்ளி

வந்திறங்கும் நாள். பயிற்சி நாட்களைவிட இதை உயர்வாகச் சொல்பவர்கள் உண்டு, காரணமும் உண்டு: வெளிநாட்டு அணிகள் நான்கு, ஆறு என்று சேர்ந்து வரும், எரிபொருள் தொட்டிகள் எல்லாம் மாட்டியிருக்கும், தரைப் பணியாளரையும் கருவிகளையும் சுமக்கும் சரக்கு விமானங்கள் முன்னும் பின்னும் இறங்கும். நேரம் மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். போர் விமானங்கள், பறக்கும் விமானங்களைக் காட்டும் பொதுவான கண்காணிப்பு இணையதளங்களில் பெரும்பாலும் தெரியாது. வானிலேயே எரிபொருள் தர அவற்றோடு கூட வரும் டேங்கர் பல நேரம் தெரியும். டேங்கர் தளத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால், வேலிக்கு மேலாக எடுக்க வைத்த ஏணி மேல் ஏறிவிடலாம்.

ரேடியோ கேட்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ராணுவ விமானப் பேச்சு 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம் முறையில் நடக்கிறது. அமெரிக்காவில் வேலியோரம் பாதிப் பேர் கையில் ஸ்கேனர் இருக்கும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அதைக் கேட்பதே சட்டவிரோதம்.

சட்டம் என்றதும் கலமாட்டா நினைவுக்கு வரவேண்டும். 2001 நவம்பரில் கிரேக்கத்தின் அந்தத் தளத்தில் பிரிட்டனையும் நெதர்லாந்தையும் சேர்ந்த 14 விமான ஆர்வலர்கள் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை, அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. அவர்களைச் சிக்கவைத்ததில் படங்களைவிட எண்களைக் குறித்துவைத்த நோட்டுப்புத்தகங்களுக்குப் பங்கு அதிகம். பொது நிலத்தில் நிற்கிறோமா, படம் எடுக்கத் தடைப் பலகை இருக்கிறதா, அவசர வாயிலை வண்டி மறைக்கிறதா என்று மூன்றையும் பார்த்துக்கொள்ளவும். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். டிரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் நாளில் பெரிய போர்க் காட்சியை எதிர்பார்க்கக் கூடாது. வந்த விமானிகள் வான்வெளியையும் மாற்றுத் தளங்களையும் பழகிக்கொள்ளும் பறப்புகள்தான்; இரண்டிரண்டாகப் போவார்கள், வருவார்கள். நமக்கும் இது ஒத்திகைக்குத் தோதான நாள்.

வழக்கமான நாளின் வரிசை இப்படி. முன்னெச்சரிக்கை விமானமும் டேங்கர்களும் முதலில் எழும்பும். பிறகு எதிரி வேடம் போடும் அணி, வான்காப்பு, ரேடாரை முடக்கும் அணி, தாக்குதல் அணி. ஒவ்வொன்றுக்கும் இடையே 15, 20 நொடிதான் கிடைக்கும் என்பதால், முந்தைய விமானத்தைத் திரையில் ரசித்துக்கொண்டிருப்பவர் அடுத்ததை இழப்பார். இரண்டு மணி நேரம் போல அமைதி. பிறகு எல்லாம் திரும்பும். நெதர்லாந்தின் லீவர்டனில் நடந்துவந்த ஃப்ரீஷியன் ஃப்ளாக் பயிற்சியில் காலை ஓர் அலை (சேர்ந்து கிளம்பித் திரும்பும் ஒரு தொகுதி), பிற்பகல் ஓர் அலை. அமெரிக்காவின் நெல்லிஸ் தளத்தில் 1975 முதல் நடக்கும் ரெட் ஃப்ளாக் பயிற்சியில் இரவு அலையும் உண்டு. வான்வெளி ஒதுக்கீட்டு அறிவிப்பில் நேரம் இருக்கும், ஆனால் அது கிரீன்விச் நேரம். உள்ளூர் நேரம் என்று படித்துவிட்டு, காலி ரன்வேயைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஒவ்வொரு பயிற்சியிலும் உண்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில் நன்றாக இருந்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஷட்டர் 1/1600 நொடி. மேனுவலில் பூட்டிவிடலாம். விமானத்தின் மேல் விழும் ஒளி மாறுவதில்லை, மாறுவது பின்னணி. மரவரிசை, நீலவானம், வெண்மேகம் என்று ஓடும்போது தானியங்கி மீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஆடி, ஒரே விமானத்தை மூன்று நிறச் சாம்பலில் தரும். துண்டு துண்டாக மேகம் ஓடும் நாளில் மேனுவல் கையைக் கடிக்கும். அப்போது ஷட்டரையும் அப்பர்ச்சரையும் பிடித்துவைத்து, ஐஎஸ்ஓவைத் தானாக விட்டு, வெள்ளை வானத்துக்கு ஈடுகட்ட முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டவும்.

1/1600 வைத்தால் பேனிங் (விமானத்தோடு கேமராவையும் சுழற்றுவது) தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரன்வேயை விட்டு எழும் போர் விமானத்தின் வேகம் சுமார் 150 நாட், அதாவது நொடிக்கு 77 மீட்டர். 1/1600 நொடியில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விமானத்தின் மேல் உள்ள எச்சரிக்கை எழுத்துகள் அதைவிடச் சிறியவை. கேமரா கூடவே சுழன்றால்தான் அவை படிக்கக் கிடைக்கும். கால்கள் விமானம் போய் முடியும் திசையில், இடுப்பு மட்டும் திரும்பவேண்டும். விமானத்தைக் கண்ட இடத்தில் காலை ஊன்றினால் பாதி வழியில் உடம்பு முறுக்கிக்கொள்ளும்.

நீண்ட பர்ஸ்ட் (பொத்தானை விடாமல் அழுத்தித் தொடர்ந்து எடுப்பது) வேண்டாம். ஒரு ரா கோப்பு (பதப்படுத்தாத மூலப் படம்) 45 எம்பி, நொடிக்கு 20 படம் என்றால் நொடிக்கு 900 எம்பி. நினைவகம் சில நொடிகளில் நிரம்பும், சக்கரம் தரையை விடும் கணத்தில் கேமரா மௌனமாகிவிடும். மூன்று, நான்கு படங்களாக விட்டுவிட்டு அழுத்தவும்.

செப்டம்பர் 10, புதன்

கானல். இந்தக் கலையில் லென்ஸைவிட, கேமராவைவிட, திறமையைவிட அதிகம் படங்களைக் கொன்றது இதுதான். பேசப்படுவதோ மிகக் குறைவு.

வெயிலில் சூடான கான்கிரீட்டும் புல்லும் தம் மேலுள்ள காற்றைச் சூடாக்கி அனுப்புகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். அந்தக் கலவை ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால் விமானத்தின் விளிம்புகள் அலையும், எண்கள் கரையும். இதைப் பலர் ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்புகிறார்கள். சோதனை எளிது: ஒரே பர்ஸ்டில் ஒரு படத்தில் மூக்கு கூர்மை, அடுத்ததில் வால் கூர்மை, நேர்கோடான இறக்கை விளிம்பு நெளிந்திருக்கிறது என்றால் குற்றவாளி காற்று. ஃபோகஸ் தவறியிருந்தால் கோடு மங்கும், நெளியாது.

ஷட்டரைக் கூட்டினால் போகாது. அப்பர்ச்சரைச் சுருக்கினாலும் போகாது. நீளமான லென்ஸ் கானலையும் சேர்த்துப் பெரிதாக்கும். லென்ஸின் நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டு வருவது பெரிய நெளிசல். மேகமற்ற நாளில் காலை பத்து மணிக்கு மேல், 300 மீட்டர் தள்ளித் தரையில் ஓடும் விமானத்தைப் படம் எடுப்பது கார்டை நிரப்பும் வேலை மட்டுமே.

செய்யக்கூடியவை சில உண்டு. காலை அலையைத் தரைப் படங்களுக்கும் பிற்பகல் அலையை வான்படங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். விமானம் எழும்பி பார்வைக்கோடு தரையை விட்டு மேலேறியதும் கானல் சட்டென்று குறையும்; ஆகவே ரன்வே நடுவைவிட, எழும்பி நம் தலைக்கு மேல் வரும் முனை நல்லது. இரண்டு மீட்டர் ஏணியும் கொஞ்சம் உதவும், ஏனெனில் சூடு மிகுந்த காற்று தரையை ஒட்டியே இருக்கிறது. நமக்கும் ரன்வேக்கும் நடுவே தார்ச்சாலையோ வாகன வரிசையோ இருந்தால் இடம் மாறவும். வண்டிகளின் கூரை அடுப்பு மாதிரி. முன்னே போகும் விமானத்தின் எஞ்சின் வெளிவிடும் சூடான காற்று பின்னே வருவதை மறைக்கும், அதற்கு மருந்து காத்திருப்பதுதான்.

இன்னொன்று பலர் கவனிக்காதது: குளிரூட்டிய வண்டியிலிருந்து எடுத்த லென்ஸ். வெளியே சூடு, குழலுக்குள் குளிர். லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பான ஹூடுக்குள்ளேயே குட்டிக் கானல் உருவாகும். அரை மணி முன்பே பையைத் திறந்து வெளியே வைத்து, அதுவரை ஹூடைக் கழற்றிவிடவும்.

செப்டம்பர் 11, வியாழன்

ஏணி வைக்க அனுமதியில்லாத இடங்களில் கம்பி வலை வழியாகத்தான் எடுக்கவேண்டும். முன்கண்ணாடி வலையை ஒட்டியிருக்க, அப்பர்ச்சரை முழுதாகத் திறக்கவும். கம்பி மறைந்துவிடும், படத்தின் ஒளி-நிழல் மாறுபாடு மட்டும் கொஞ்சம் குறையும். எஃப்/11க்குப் போனால் படத்தில் சாம்பல் பட்டைகள் விழும். வெயில் படும் கம்பி இன்னும் மோசம். நம் உடல் நிழல் அதன்மேல் விழுமாறு நிற்கவும்.

செப்டம்பர் 12, வெள்ளி

திரும்பும் விமானங்கள் நேராக இறங்குவதில்லை. சுமார் 1500 அடி உயரத்தில், 300 நாட்டுக்கு மேலான வேகத்தில் ரன்வேக்கு நேர் மேலே வந்து, சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சாய்ந்து வரிசையிலிருந்து விலகித் திரும்பும். இதுதான் ஓவர்ஹெட் பிரேக். விமானம் திரும்பும் பக்கமாகச் சாய்வதால், வளைவின் உட்புறம் நிற்பவருக்கு முதுகு, காக்பிட், சின்னங்கள் எல்லாம் தெரியும். வெளிப்புறம் நிற்பவருக்கு வயிறும் ஆயுதங்களும். எது வேண்டும் என்று முடிவுசெய்து பக்கம் பிடிக்கவும். ஈரக்காற்று நாளில் இந்தச் சாய்வில் இறக்கை மேல் ஆவி பூக்கும். எஃப்-18இல் இறக்கை வேரிலிருந்து சுழலாக வரும்.

பிற்பகலில் பறப்பு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் இப்படித்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

காற்று திரும்பி, 24இல் எழும்பிய அலை 06இல் இறங்கியது. தளத்தின் அல்லது அருகிலுள்ள விமான நிலையத்தின் வானிலை அறிக்கையை அலை பறந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், இடம் மாற ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.

புரொப்பெல்லர் விமானங்களுக்கு ஷட்டரைக் குறைக்க மறக்கக் கூடாது. சி-130ஜே விமானத்தின் ஆறு இலைப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1020 சுற்று. 1/125இல் ஒவ்வோர் இலையும் ஏறக்குறைய 49 டிகிரி நகர்ந்து முழுவட்டம் போலத் தெரியும். 1/1000இல் 6 டிகிரிதான், நின்றுபோன விசிறி வானத்தில் தொங்கும். மின்னணு ஷட்டர் என்றால் இலைகள் வாழைப்பழம் போல வளையும், மெக்கானிக்கலுக்கு மாறவும். அப்புறம், 600 மி.மீ. மாட்டி நிற்பவருக்கு 59 மீட்டர் நீள ஏ330 டேங்கரின் மூக்குதான் கிடைக்கும். 400 மீட்டர் தூரத்தில் அதற்கு 160 போதும். இரண்டாவது கேமராவில் 100-400 இருப்பது ஆடம்பரமல்ல.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரவு அலை. சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடம் வரைதான் படத்துக்கு நேரம். வானில் நீலம் மிச்சமிருக்கும், விமானத்தின் உருவரை தெரியும், ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) சுவாலையில் வைர வடிவங்கள் நிற்கும். 1/160, எஃப்/4, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கி, சுவாலையின் நடுப்பகுதி வெளுப்பது நிற்கும்வரை ஒளியைக் குறைத்துக்கொண்டே வரவும். இருட்டில் தெரியும் உடலைவிட, நிறம் இழக்காத நெருப்பு முக்கியம். வெள்ளைச் சமநிலையைப் பகல் ஒளியில் பூட்டவும். ஃபோகஸை வால் விளக்கில் பிடிக்கவும். எல்லா விமானமும் ஆஃப்டர்பர்னரில் எழும்பாது: சுமை குறைவாக இருந்தாலோ, தளத்தில் இரைச்சல் கட்டுப்பாடு இருந்தாலோ சாதாரண உந்துவிசையிலேயே போய்விடும். அதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை.

செப்டம்பர் 17, புதன்

மழை. படங்களுக்குப் பெயர் போடும் நாள்.

அமெரிக்க வாலில் ‘ஏஎஃப்’ எழுத்துக்கு அருகிலுள்ள சிறிய 89 என்பது 1989ஆம் நிதியாண்டு ஒதுக்கீடு, தயாரான ஆண்டல்ல. பெரிய இரண்டெழுத்து தளத்தையோ அணியையோ சொல்லும்: ‘டபிள்யூஏ’ என்றால் நெல்லிஸ். ஜெர்மன் யூரோஃபைட்டர்கள் 30+, 31+ என்று நடுவே சிலுவையோடு எண் தாங்கும். ஸ்பெயினில் யூரோஃபைட்டர் சி.16, ஹார்னெட் சி.15. இத்தாலியில் எண்ணுக்கு முன் ‘எம்எம்’. ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் அழகான படம் ஒன்று, வால் எண் படிக்கக்கூடிய படம் ஒன்று என்று இரண்டாவது வேண்டும். எண் தெரியாத அழகுப் படத்தை ஆறு மாதம் கழித்து யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

நீலவானப் படங்களில் சென்சார் தூசி தெரிந்தால் இன்றே சுத்தம் செய்யவும். எஃப்/8இல் அது ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

வீடு திரும்பும் நாள். தொட்டிகளோடு, சில விமானங்கள் பயணப் பெட்டிகளோடு, டேங்கரைப் பின்தொடர்ந்து கிளம்பும். நீண்ட கடல் பயணம் என்றால் உதிரியாக ஒன்றிரண்டு விமானங்களையும் சேர்த்து அனுப்புவார்கள். மற்றவை அனைத்தும் நலம், எரிபொருள் ஏற்றியாயிற்று என்றதும் அவை திரும்பி வந்து இறங்கும். வேலியோரக் கூட்டம் கடைசி விமானம் எழும்பியதுமே ஏணியை மடித்துவிடுகிறது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தால், நெரிசலில்லாத வேலியில், தொட்டிகள் எல்லாம் மாட்டியபடி தனியாக வந்து இறங்கும் விமானம் கிடைக்கும். பழுதாகி நின்றவை திங்கள், செவ்வாயில் போகும். அவற்றைத் திருத்தவந்த குழுவின் சரக்கு விமானம் வருவதைக் கண்காணிப்புத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.