இருக்கையின் உயரம்

அக்டோபர் 3, 2025

இடுப்பு மாற்று அறுவைசிகிச்சை முடிந்த அம்மாவை மருத்துவர் இந்த வாரமும் வீட்டுக்கு விடமாட்டார் போலிருக்கிறது. புது வண்டி வாங்குவதைப் பற்றி இன்று யாரும் பேசவில்லை.

அக்டோபர் 5

பிசியோதெரபிஸ்ட் இன்று அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார். இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, முழங்கால் எப்போதும் இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும், அறுவைசிகிச்சை செய்த பக்கத்துக் காலை உள்பக்கமாகத் திருப்பவே கூடாது. காரில் ஏறும்போது முன் இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துவிட்டு, வண்டிக்கு முதுகு காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, அதன் பிறகே இரண்டு கால்களையும் உள்ளே எடுக்க வேண்டுமாம். இருக்கைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் உடம்பு சுலபமாக வழுக்கித் திரும்பும் என்றும் சொன்னார். எங்கள் ஆல்டோவில் அம்மா உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆகவே வண்டி மாற்றியே ஆக வேண்டும்.

அக்டோபர் 6

என் கணவர் மஹிந்திரா எக்ஸ்யுவி 700 வாங்கலாம் என்கிறார். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2021-இல் அது ஐந்து நட்சத்திரம் வாங்கியது என்றும், இங்கே தயாராகி ஆப்பிரிக்காவுக்குப் போகும் மாருதி எர்டிகாவுக்கு 2024-இல் ஒரே நட்சத்திரம்தான் கிடைத்தது என்றும் கைப்பேசியில் காட்டினார். எனக்குப் பதில் இல்லை. எந்த வண்டி வாங்கினாலும் பிள்ளைகள் இருவரும் மூன்றாவதான கடைசி வரிசையில்தான் உட்காரப்போகிறார்கள். அவர்கள் முதுகுக்கும் பின்கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது என்று நினைத்தபடியே இரவெல்லாம் விழித்திருந்தேன்.

அக்டோபர் 8

கோவையில் இரண்டு ஷோரூம்களுக்கும் போனோம். அம்மாவின் முழங்கால் உயரத்தை இஞ்ச் டேப்பில் பேனாவால் குறித்து எடுத்துப்போயிருந்தேன். விற்பனைப் பிரிவுத் தம்பி சன்ரூஃப்பையும் திரையையும் காட்டத் தொடங்கியபோது, முதலில் இருக்கையின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவும் நானும் ஒரே உயரம் என்பதால், பிசியோதெரபிஸ்ட் சொன்னபடியே வண்டிக்கு முதுகு காட்டி நின்று, ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார முயன்றேன். எக்ஸ்யுவியில் இருக்கை என் பின்தொடைக்கு மேலே நின்றது. நுனிக்காலில் எம்பினால்தான் உட்கார முடிகிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரால் எம்பவே முடியாது. பக்கவாட்டில் படி பொருத்தித் தருகிறோம் என்றார்கள். படியில் பின்பக்கமாக ஏறச் சொல்வது எப்படி? அடுத்த ஷோரூமில் பார்த்த கியா கேரன்ஸில் எம்பவும் வேண்டியிருக்கவில்லை, தாழ்ந்து விழவும் இல்லை. நின்ற இடத்திலேயே உடம்பைச் சாய்த்தால் இருக்கை வந்து தாங்கிக்கொண்டது. எர்டிகாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று பக்கத்து வீட்டு வண்டியில் உட்கார்ந்து பார்த்தபோதே தெரிந்துகொண்டேன். கணவர் பார்த்துக்கொண்டே நின்றார், திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

அக்டோபர் 9

அம்மாவுக்குக் காய்ச்சல்.

அக்டோபர் 11

காய்ச்சல் இறங்கிவிட்டது, தையல் போட்ட இடம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள்களுக்குப் பிறகு இன்றுதான் சோறு இறங்கியது.

அண்ணன் மாருதி ஈக்கோ வேன் வாங்கச் சொல்கிறார். கதவு பக்கவாட்டில் நகர்வதால் எங்கள் சந்தில் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் முழுதாகத் திறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முன் இருக்கைகளுக்கு அடியில் என்ஜின் இருக்கிறது, அங்கே அம்மாவை உட்காரவைக்க முடியாது, பின்னால் உட்காரவைத்தால் காலை நீட்ட இடம் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு அதுலதானே கண்ணு தூக்கிட்டு வந்தீங்க" என்று மட்டும் சொன்னார். ஈக்கோ வேண்டாம்.

அக்டோபர் 12

பெரிய வண்டிதான் வேண்டும் என்ற கணவருடைய வாதத்தில் நியாயமே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். பெரியம்மா வால்பாறையில் இருக்கிறார். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் கல்லும் சேறுமான பாதையில் போக வேண்டும். மழையில் ஆறு பேரோடு முன்சக்கர இழுவை வண்டி அந்த ஏற்றத்தில் திணறும், வண்டியின் அடிவயிறு கல்லில் உரசும். இன்னோவா கிரிஸ்டாவோ ஸ்கார்ப்பியோவோ போன்ற உயரமான வண்டி என்றால் பின்சக்கரத்தால் தள்ளி ஏறிவிடும். எல்லாம் சரி, ஆனால் வருடத்துக்கு எத்தனை முறை வால்பாறை போகிறோம், மாதத்துக்கு எத்தனை முறை மருத்துவரைப் பார்க்கக் கோவை வரப்போகிறோம் என்று நான் கேட்டேன். அவர், உங்கள் அம்மாவே தை மாதம் அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறாரே என்றார். அவ்வளவு உயரமான வண்டி ஒவ்வொரு வளைவிலும் சாயும்போது, பொருத்திய இடுப்போடு அம்மா எதைப் பிடித்துக்கொள்வார்? இதை நான் உரக்கச் சொன்னபோது அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

அக்டோபர் 14

செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்குக் கூடுதல் தீர்வை நீங்கி 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டும்தான் என்பதால் எக்ஸ்யுவியின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. இதுதான் அவருக்கு இப்போது புதிய பிடி. ஆனால் தமிழ்நாட்டுச் சாலை வரி 10 லட்சத்தைத் தாண்டினால் 13 விழுக்காட்டிலிருந்து 18 ஆகிறது, 20 லட்சத்தைத் தாண்டினால் 20 ஆகிறது. அந்த வித்தியாசத்தில் வீட்டுக் குளியலறையைச் சமப்படுத்திக் கைப்பிடிக் கம்பி போட்டுவிடலாம். எர்டிகாவின் கீழ் வகை ஒன்று 10 லட்சத்துக்குள் அடங்குகிறது, ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அக்டோபர் 15

சக்கர நாற்காலியை எங்கே வைப்பது என்று அத்தைதான் கேட்டார்.

எர்டிகாவில் ஏழு இருக்கைகளும் நிமிர்ந்திருந்தால் பின்னால் 209 லிட்டர் இடம், கேரன்ஸில் அதைவிடச் சற்றே கூடுதல். மடித்த நாற்காலி இரண்டிலும் நுழையாது, எக்ஸ்யுவியிலும் நுழையாது. கடைசி வரிசையில் பாதியை மடக்கி அங்கே நாற்காலியை வைத்துக் கட்டி, மறுபாதியில் பெரியவனை உட்காரவைத்து, சின்னவளை நடு வரிசையில் அத்தைக்கும் எனக்கும் இடையே அமர்த்தினால் ஆறு பேரும் போகலாம். பின்னால் ஒரு பிள்ளை மட்டும் என்றதும் எனக்குப் பாதிப் பயம் குறைந்தது. கேரன்ஸில் ஒரு பித்தானை அழுத்தினால் நடு வரிசை இருக்கை தானாகவே மடிந்து வழிவிடுகிறது, அதனால் நாங்கள் உட்காரும் முன்பே அவன் சுலபமாகப் பின்னால் போய்விடுவான். 2024 சோதனையில் அதற்கு மூன்று நட்சத்திரம். ஐந்து இல்லைதான். கணவரிடம் சொன்னேன், "யோசிக்கிறேன்" என்றார்.

அக்டோபர் 17

"எனக்காகப் பெரிய வண்டி வாங்காதே கண்ணு, நான் இன்னும் எத்தனை நாளைக்கு" என்று அம்மா தொடங்கினார். முடிக்க விடாமல் கோபித்துவிட்டு வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

அக்டோபர் 18

தீபாவளிக்கு முன்னால் எந்த வண்டியும் கைக்கு வராது என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் புதன்கிழமை. பொள்ளாச்சியில் எங்கள் வீடுவரை 40 கிலோமீட்டர். வாடகைக்கு இன்னோவா சொல்லியிருக்கிறோம். ஓட்டுநரை அழைத்து, பழைய இன்னோவாவா கிரிஸ்டாவா, முன் இருக்கை எவ்வளவு பின்னால் போகும் என்று கேட்டேன். "முழுக்கப் போகுங்க அக்கா" என்றார். செவ்வாய் இரவே வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். கணவர் இஞ்ச் டேப் எங்கே என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.