மத்தி சிறுத்த கதை

சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் இன்று காலை தெர்மோகோல் பெட்டியிலிருந்த ஐஸை விலக்கிப் பார்த்தபோது, விரல் நீளம்கூட இல்லாத மத்திகளே கிடந்தன. "பெருசு வரத்தே இல்லீங்க" என்றார் கடைக்கார அக்கா.

தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையோரத்து மேல்நீர் விலக, அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலெழுந்து நுண்பாசிகளை வளர்ப்பதும், அவற்றைத் தின்று மத்தி பெருகுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. அந்த எழுச்சி குறைந்தாலோ மிஞ்சினாலோ மீன்வளம் ஆட்டம் காண்கிறது. கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. அளவுக்கு மீறிப் பிடித்ததற்கும் பங்குண்டு என்றாலும், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி இந்த எழுச்சியைத் தடுக்கும் எல் நினோ 1972-இல் வந்தபோது பெரு நாட்டின் நெத்திலி வளம் சரிந்ததை நினைத்தால், வலையை மட்டும் குறைகூற மனம் வரவில்லை.

அரை கிலோ வாங்கினேன். செதில் சுரண்டவே முக்கால் மணி நேரம் ஆனது.