நீலமாகத் தெரிந்த தகரக் கூரை

திருநெல்வேலியில் எந்தத் தெரு எவ்வளவு காய்கிறது என்று ட்ரோனில் தெர்மல் கேமரா கட்டி அளக்கும் வேலையில் போன மே மாதம் முழுக்க இருந்தேன். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் இலவசமாகவே கிடைக்கிறதே, ட்ரோன் எதற்கு என்று பலர் கேட்டார்கள். லேண்ட்சாட் 8-இன் வெப்ப உணரிக்கு ஒரு பிக்சல் என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர். வயலும் ரோடும் வீடும் அதில் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். நாங்கள் 110 மீட்டர் உயரத்தில் பறந்தோம், ஒரு பிக்சல் அரைச் சாண்தான் வந்தது.

ட்ரோன் விதிகளில் பச்சை மண்டலம் என்று குறித்த பகுதியில் 400 அடிக்குள் பறக்கத் தனி அனுமதி வேண்டாம். எங்கள் இடம் அதில் வருகிறதா என்று டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொண்டோம். அப்புறம் காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவைத்தோம்.

கேமராவை ஆன் செய்ததும் பறக்கவிடக் கூடாது. அதன் உணரி ஒரு நிலைக்கு வரக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் மொட்டைமாடியில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளை வைப்போம், ஒன்றில் ஐஸ் தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர். இரண்டையும் கலக்கிவிட்டு, தெர்மாமீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்வோம். ஒவ்வொரு பறப்பிலும் முதலிலும் கடைசியிலும் அந்தத் தொட்டிகளின் மேல் ஒரு சுற்று. கேமரா சொல்வதற்கும் தொட்டி சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் வைத்துத்தான் மற்ற எண்களைத் திருத்துவது.

அப்படித் திருத்திய பிறகும் ஒரு இடம் இடித்தது. மேலப்பாளையம் பக்கம் ஒரு தெருவில் வரிசையாகத் தகர வீடுகள். நண்பகல் படத்தில் அவற்றில் சில நல்ல நீலம், 24 டிகிரி. பக்கத்திலேயே துருப்பிடித்த கூரைகள் சிவப்பு. புதுத் தகரம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் குளிர்ச்சி என்று நானே குறிப்பெழுதி வைத்திருந்தேன்.

நேரில் போனபோது நீல வீட்டுக்குள் ஒரு அக்கா மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கூரை குளிர்ச்சியாக இருக்குமே என்றேன். “இதுக்குக் கீழ ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க தம்பி” என்றார். ஐந்து நிமிஷத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

காரணம் உமிழ்திறன். தண்ணீர், தார், காரை எல்லாம் தம் சூட்டுக்கு ஏற்ற வெப்பக்கதிரைக் கிட்டத்தட்ட முழுதாக வெளிவிடும். பளபளக்கும் உலோகம் கொஞ்சம்தான் விடும், மீதிக்குக் குளிர்ந்த வானத்தைக் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். கேமரா பார்த்தது பெரும்பாலும் வானத்தை. துரு ஏறினால் அந்தப் பிரதிபலிப்பு போய்விடுகிறது, அதனால்தான் பழைய கூரை உண்மையைச் சொன்னது.

அக்காவின் அனுமதியோடு அவர் கூரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பட்டை பட்டையாக, ஒரு முழச் சதுரத்துக்கு ஒட்டினோம். சின்னதாக ஒட்டினால் பிக்சலில் கரைந்துவிடும். மறுநாள் அதே நேரம் பறந்தோம். சுற்றிலும் அதே நீலம், நடுவில் அந்தச் சதுரம் மட்டும் 61 டிகிரி.

நான் எழுதிய குறிப்பை அன்றைக்கே அடித்தேன். எல்லாக் கூரையிலும் ஏறி டேப் ஒட்ட முடியாது. அதனால் சாதாரணக் கேமரா படத்தை வைத்துப் பளபளக்கும் தகரங்களைத் தனியாகப் பிரித்து, டேப் ஒட்டிய பதினோரு கூரைகளிலிருந்து கிடைத்த உமிழ்திறனை அவற்றுக்குப் போட்டோம். திருத்திய வரைபடத்தை அக்காவிடம் காட்டினேன். தெருமுனைப் பள்ளிவாசலிலிருந்து வீடு வீடாக எண்ணிக்கொண்டே வந்து, தன் வீட்டின் சிவப்பில் விரலை வைத்தார்.