ஐம்பது நாள் லீவு, பதினொரு நாள் கம்பெனி

கடைசிப் பரீட்சை ஏப்ரல் 28. கல்லூரி திறப்பு ஜூன் 18. நடுவில் சரியாக ஐம்பது நாள் என்று காலண்டரில் எண்ணி வைத்திருந்தேன். அந்த ஐம்பதில் நான் வேலை பழகப் பனியன் கம்பெனிக்குள் நின்றது பதினொரு நாள். மிச்சத்தை எங்கெங்கே தொலைத்தேன் என்று எழுதி வைக்கிறேன். அடுத்த மே மாதம் யாராவது இதே வேலையாக அலையப் போகிறீர்கள் என்றால் ஒரு பஸ் டிக்கெட்டாவது மிச்சமாகட்டும்.

நான் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் முதல் வருடம் முடித்திருக்கிறேன். ஊர் உடுமலை. முதல் வருடத்தில் நூல், நெசவு, தையல் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தொட்டிருந்தோம். உண்மையில் ஒரு டீ-சர்ட் எப்படி ஆர்டராக வந்து பெட்டியில் போகிறது என்று கேட்டால் எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் வீட்டிலிருந்து பல்லடம் வழியாக பஸ் ஏறினால் திருப்பூர்.

முதல் தப்பு, அந்த 'முப்பது நாள் ஃபேஷன் டிசைனிங்' வகுப்பு. 8,500 ரூபாய். நோட்டீஸில் பேட்டர்ன் மேக்கிங், டிரேப்பிங் (பொம்மை உருவத்தின் மேல் துணியைப் போர்த்தி வடிவமைப்பது), போர்ட்ஃபோலியோ என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். போனால் முதல் நாளே ஒரு பெண் உருவம் அச்சடித்த தாளைக் கொடுத்து, அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரையச் சொன்னார்கள். ஒன்பது தலை உயரம், நீளக் கால், மூக்கு வாய் கிடையாது. இரண்டாம் நாளும் அதே. ஐந்தாம் நாள் வண்ணச் சக்கரம். எட்டாம் நாள் "டிரேப்பிங் எப்போ?" என்று கேட்டேன். "அது அட்வான்ஸ் கோர்ஸ்லம்மா, தனி ஃபீஸ்" என்றார்கள். அங்கே ஒரு தையல் மெஷின் இருந்தது, மேலே பூச்சட்டி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாளோடு நின்றுவிட்டேன். பணம் திரும்பாது என்பது ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. பணம் கட்டும் முன் அறைக்குள் எட்டிப் பார்த்து, ஓடுகிற மெஷின் எத்தனை, வெட்டுகிற மேசை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் கடிதம். எங்கள் தெருவிலேயே ஓர் அண்ணன் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர், அதாவது பையரிடம் (துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடம்) பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவர். "சாம்பிளிங்ல நிக்கலாம் கண்ணு, காலேஜ் லெட்டர் மட்டும் வாங்கிட்டு வந்துரு" என்று சொல்லியிருந்தார். சாம்பிளிங் என்றால் ஆர்டருக்கு முன் மாதிரி தைத்துப் பார்க்கிற பிரிவு. ஒரு கடிதம்தானே என்று நினைத்தேன்.

முதல் தடவை போனபோது துறைத் தலைவர் மேடம் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். இரண்டாம் தடவை மேடம் இருந்தார், சிரித்துக்கொண்டே சம்மதித்தார், லெட்டர்பேட் ஆபீஸில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்தவர் என் ஐடி கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்டர்ன்ஷிப் மூணாவது வருஷத்துக்குத்தான். உனக்கு எதுக்கு இப்பவே?"

"லீவுல சும்மா இருக்கோம் சார், கத்துக்கலாம்னு..."

"சும்மா இருந்தா டைப்பிங் கிளாஸ் போ."

மேடமே இறங்கி வந்து பேசினார். அதற்குள் சீல் பிரின்சிபால் அறையில், பிரின்சிபால் மீட்டிங்கில். மூன்றாம் தடவைதான் கடிதம் கைக்கு வந்தது. உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூருக்கு மே மாத வெயிலில் மூன்று முறை போய் வந்ததற்கு நான்கே வரி. 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று பொதுவாக ஆரம்பித்து, இவர் எங்கள் மாணவி என்று முடிந்தது. அதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன்.

மே 23 காலை எட்டரைக்குக் கம்பெனி கேட்டில் நின்றேன். ஷிப்ட் ஏறுகிற நேரம். டிபன் பாக்ஸோடு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் பையர் மீட்டிங்கில் இருந்தார், போன் எடுக்கவில்லை. செக்யூரிட்டி தாத்தா பெஞ்சில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பதினோரு மணிக்கு ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார். கடிதத்தைப் பார்த்தார். கம்பெனி பெயர் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இல்லை. எந்தப் பிரிவு என்று இல்லை. "இது போனஃபைடும்மா, நீ அங்க படிக்கிறேங்கிற சான்று மட்டும்தான். இதை வெச்சு கேட் பாஸ் போட முடியாது" என்றார். சரி, வேறு வாங்கி வருகிறேன் என்று எழப் போனேன். ஆதார் கேட்டார். பிறந்த தேதியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

எனக்குப் பதினெட்டு முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

வெளிநாட்டு பையர்கள் அனுப்புகிற ஆடிட்டர்கள் சொல்லாமல்கூட வந்து நிற்பார்கள் என்றும், தளத்தில் நிற்கிறவர்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு வயதுச் சான்று கேட்பார்கள் என்றும் மேடம் விளக்கினார். "நீ கத்துக்கத்தான் வந்தேன்னு நாங்க சொன்னா அவங்க நம்பணுமே? ஒரு பொண்ணுக்காக மொத்த ஆர்டரும் நிக்கும்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் அவ்வளவு கெட்ட பெயர் வாங்கி மீண்ட தொழில் இது. இந்தக் கண்டிப்பு இருப்பது நல்லதுதான். ஆனால் கல்லூரியில் மூன்று முறை அலைந்தபோது ஒருவரும் என் வயதைப் பற்றி மூச்சு விடவில்லையே என்று பஸ்ஸில் பல்லடம் வரைக்கும் அழுதேன். முதல் வருடம் முடித்த சிலருக்கு மே மாதத்தில் பதினெட்டு ஆகியிருக்காது. உங்கள் பிறந்த நாள் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள், கடிதம் அப்புறம்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கே வந்தார். அவருக்கும் வயது விஷயம் தோன்றவில்லையாம். ஜூன் 4-இலிருந்து வரச் சொன்னார். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: கம்பெனி பெயர், முகவரி, தொடங்கும் தேதி, முடியும் தேதி, பிரிவு, கம்பெனி விதிகளுக்கு மாணவி கட்டுப்படுவார் என்று ஒரு வரி, பொறுப்பு ஆசிரியரின் போன் நம்பர். அதை அப்படியே டைப் செய்து துறைத் தலைவர் மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கையெழுத்தும் சீலும் போட்ட கடிதம் நான்கு நாளில் கூரியரில் வந்தது. நான் போகவே வேண்டியிருக்கவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்.

நடுவில் கிடைத்த நாட்களில் எங்கள் வீதி டைலர் அக்காவிடம் உட்கார்ந்தேன். காசு வாங்கவில்லை, பதிலுக்குத் தையல் பிரிக்கிற வேலை முழுக்க என் தலையில். நாள் முழுக்கப் பிரித்தால் எந்தத் தையல் எந்த வரிசையில் விழுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பிளேடால் பிரிக்காதீர்கள். நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டின் கையில் கீறல் போட்டு, அக்கா அதன்மேல் ஆரி வேலை வைத்து மறைக்கும்படி ஆனது. லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் துவையலிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுக்கும் என்பதும் அங்கே கற்றதுதான். பன்னிரண்டு நாள் வகுப்பில் இதில் ஒன்றுகூட வரவில்லை.

ஜூன் 4. கேட் பாஸ் கழுத்தில் தொங்கியது. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வராத டிசைன்கள் உள்ளே கிடக்கும், போட்டோ எடுத்துவிடக் கூடாதே. அதனால் நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். நான் போனை நம்பிப் போய் முதல் நாள் உள்ளங்கையில் எழுதினேன்.

சாம்பிளிங் பிரிவில் முதல் பாடமே எடைதான். வட்டமான கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் நூறு சதுர சென்டிமீட்டர் வில்லை ஒன்று விழும். அதைச் சின்னத் தராசில் வைத்தேன். 1.62 கிராம். நூறால் பெருக்கினால் 162 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 162 கிராம். பரீட்சையில் ஜிஎஸ்எம்முக்கு ஐந்து மார்க் விளக்கம் எழுதியிருக்கிறேன். அந்த வில்லை விரல் நுனியில் சுருண்டபோதுதான் விஷயம் புரிந்தது. சிங்கிள் ஜெர்சி என்கிற டீ-சர்ட் துணி வெட்டிய உடனே ஓரம் சுருளும். ரோலைப் பிரித்த கையோடும் வெட்ட மாட்டார்கள். இழுபட்ட துணி பழைய நிலைக்கு வர ஒரு நாள்கூட மேசையில் கிடக்கும்.

மூன்றாம் நாள் அண்ணன் ஒரு ஸ்பெக் ஷீட்டை (அளவுகள் எழுதிய தாளை)க் கொடுத்து, ஒரு டீ-சர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார். எல்லாம் சென்டிமீட்டரில்: உடல் நீளம் 72, கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. மார்பு குறுக்களவு 54, தையலுக்கு 2, ஆக 56. ஜிஎஸ்எம் 160. பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்து, 93 கிராம் என்று பெருமையாக நீட்டினேன்.

"முதுகு வேண்டாமா கண்ணு அவங்களுக்கு?"

முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து இரண்டால் பெருக்க வேண்டும். 186 கிராம். அதற்கு மேல் வேஸ்டேஜ் தனி. பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் என் கணக்கை நம்பியிருந்தால் 930 கிலோ துணி குறைந்திருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் மத்தியானம் வரைக்கும் என்னை 'முதுகு' என்றே கூப்பிட்டார்கள். மறுநாள் போலோ சட்டைக்குப் போட்ட கணக்கு அண்ணன் கணக்கோடு நான்கு கிராம் வித்தியாசத்தில் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

நான் மறக்காத இன்னொன்று, ஊசி உடைந்த அரைமணி. சாம்பிள் தைக்கிற அக்காவின் ஃப்ளாட்லாக் மெஷினில் டக்கென்று சத்தம். அவர் உடனே காலை எடுத்துவிட்டு, கையைத் தூக்கி நின்றுவிட்டார். யாரும் அந்தத் துணியைத் தொடவில்லை. சூப்பர்வைசர் காந்தத்தோடு வந்தார். மேல்துண்டு கிளாம்பிலேயே இருந்தது, நடுத்துண்டு தரையில் கிடந்தது, நுனியைக் காணோம். மெஷினைக் கவிழ்த்து, துணியை உதறி, அக்காவின் துப்பட்டா மடிப்பு வரைக்கும் தேடினார்கள். கடைசியில் அரிசி நொய் அளவு நுனி, தட்டுக்கு அடியில் நூல் பிசிறோடு ஒட்டியிருந்தது. மூன்று துண்டுகளையும் ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி. அந்த நுனி ஏதாவது ஒரு குழந்தைச் சட்டையில் மாட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அக்காதான் சொன்னார். நோட்டைப் புரட்டினேன், பக்கம் பக்கமாக உடைந்த ஊசிகள்.

லேப் டிப் (நிறம் சரியா என்று பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணித் துண்டு) பார்க்கும் விளக்குப் பெட்டியையும் சொல்ல வேண்டும். இரண்டு நேவி ப்ளூ துண்டுகள் பகல் விளக்கில் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. கடை விளக்குக்கு மாற்றியதும் ஒன்று ஊதாவாகத் திரும்பியது. வண்ணச் சக்கரத்துக்குக் கொடுத்த காசு மறுபடி நெஞ்சில் குத்தியது.

கடைசி நாள் சான்றிதழ் கேட்டேன். குறைந்தது பதினைந்து வேலை நாள் நின்றவர்களுக்குத்தான் தருவார்களாம். எனக்கு ஞாயிறு கழித்துப் பதினொன்று. ஹெச்.ஆர். மேடம் இரக்கப்பட்டு, வந்த தேதிகளைப் போட்டு ஒரு வருகைக் கடிதம் கொடுத்தார். கல்லூரி ஆபீஸில் அதை ஃபைலில் சேர்க்க முடியாது என்றார்கள். யார் சொன்னார் என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எத்தனை நாளுக்குச் சான்றிதழ் என்பதை முதல் நாளே கேளுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை, ப்ளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு. மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட்டின் நுழைவுத் தேர்வு பிப்ரவரி வாக்கிலேயே நடந்துவிடுகிறது. நான் ப்ளஸ் டூ முடித்த மே மாதத்தில் சாவகாசமாக விசாரிக்கப் போய், அடுத்த வருஷம் வா என்று திரும்பியவள். ப்ளஸ் ஒன் லீவுதான் அதற்கான லீவு. ஓபிசி பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் நம் வழக்கமான சாதிச் சான்றிதழோடு நிற்காமல், மத்திய அரசு வடிவ ஓபிசி சான்றிதழுக்கும் இ-சேவையில் நேரத்தோடு போட்டு வையுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது நகர்ந்து வர நாளாகும்.

நான் கூட இருந்து வெட்டிய சாம்பிள் ஒன்றை ஞாபகத்துக்குக் கேட்டேன். ரிஜெக்ட் ஆனது, கழுத்தில் ஊசி ஓட்டை. லேபிள் இருப்பதால் தர முடியாது என்று அண்ணன் கையை விரித்துவிட்டார். திரும்புகிற வழியில் திருப்பூர் பனியன் கடைகள் இருக்கிற காதர்பேட்டையில் இறங்கி, 120 ரூபாய்க்கு ஒரு கறுப்பு டீ-சர்ட் வாங்கினேன். இரண்டு முறை துவைத்த பிறகு பிரித்துப் பேட்டர்ன் எடுக்கலாம் என்று எண்ணம். இரண்டாம் துவையலில் இடது பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

"ஸ்பைராலிட்டி. எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து அனுப்பு" என்று பதில் வந்தது. ஐந்தரை.