டீச்சரம்மாவின் லிச்சி மரமும் நாலு பிக்சலும்

மொரீஷியஸில் டாக்டருக்குப் படிக்கிறவனைப் பார்த்தால் சுகர் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். வக்கீலுக்குப் படிக்கிறவனிடம் வாடகை பாக்கியை வசூலிக்க வழி கேட்பார்கள். நான் படிப்பது ரிமோட் சென்சிங், தமிழில் தொலையுணர்வு. சாட்டிலைட் எடுத்த படங்களை வைத்து எங்கே என்ன விளைகிறது, எங்கே என்ன முளைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் மேப் போடுகிற படிப்பு. இதைத் தெருவில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். மறுநாள் காலை கடைக்கு ரொட்டி வாங்கப் போனால், "சாட்டிலைட் வைத்திருக்கிற பையன் இவன்தான்" என்று என்னை இன்னொருவருக்குக் காட்டினார் கடைக்காரர். படிக்கிற பையன் ஒரே ராத்திரியில் வைத்திருக்கிற பையன் ஆகிவிட்டேன். மறுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு ரொட்டி கடனுக்குக் கிடைத்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸேன் பியேரில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்கார அம்மா. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இங்கே தமிழர் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல்தான். தமிழ், பள்ளியிலும் கோயிலிலும் படித்துப் பழகுவது. அதனால் டீச்சரம்மாவின் தமிழில் பேச்சு வழக்கு என்ற கலப்படமே கிடையாது. நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, "தம்பி, நீ சிற்றுண்டி அருந்தினாயா?" என்று கேட்டார். பின்னால் யாரோ நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்களாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். மன்னார்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்விக்குச் சமமான தரத்தில் ஒரு பதில் வரவில்லை. "சாப்ட்டேன் டீச்சர்" என்றதும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. கோபம் வந்தால் மட்டும் அவர் கிரியோலுக்குப் போய்விடுவார். அதை வைத்தே வீட்டு நிலவரத்தை மாடியிலிருந்து கணித்துவிடலாம். அதுவும் ஒரு வகை ரிமோட் சென்சிங்தான்.

முதல் கலவரம் ஒரு படத்தால் வந்தது. பாடத்துக்காக எங்கள் பக்கத்துக் கரும்புக் காடுகளின் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கீழே சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் டீச்சரம்மா ஒரு கையில் படமும் மறு கையில் போனுமாக நிற்கிறார். "அய்யோ! அய்யோ!" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் கிரியோல். விஷயம் என்னவென்றால், படத்தில் கரும்புக் காடெல்லாம் செக்கச் செவேல் என்று இருந்தது. அவருக்கு அப்பா வழியில் வந்த அரை அர்ப்பான், அதாவது அரை ஏக்கர் சொச்சம், கரும்பு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எல்லாம் எரிந்துபோய்விட்டது என்று அவருடைய தம்பிக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது.

போனை வாங்கி வைத்துவிட்டு உட்காரவைத்து விளக்கினேன். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி என்று ஒன்று இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான இலை, தன்மேல் விழும் அந்த ஒளியில் கிட்டத்தட்டப் பாதியைத் திருப்பி அடித்துவிடும். சாட்டிலைட்டுக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது. நாம் பார்ப்பதற்காக அதைத் திரையில் சிவப்பாகக் காட்டுவார்கள். எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு.

டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்: "அவ்வாறாயின், பக்கத்து நிலம் என் நிலத்தைவிட ஏன் சிவந்து காணப்படுகிறது?"

இதற்குப் பேசாமல் தீப்பிடித்தது என்றே விட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் அவருடைய நிலத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் வந்தார். உரம் போட்டாயா, எப்போது போட்டாய், எவ்வளவு போட்டாய் என்று விசாரணை நடந்தது. போட்டேன் என்று அவர் சொன்னதும் படத்தை எடுத்து நீட்டினார்கள். அந்த மனிதர் மாடியைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. டீச்சரம்மா நிலத்தில் கரும்பு புதிதாக நட்டது, பக்கத்து நிலத்தில் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்பு முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நான் இறங்கிப் போய்ச் சாட்சி சொன்ன பிறகுதான் அந்த மனிதருக்குத் தேநீர் வந்தது.

அடுத்த கேள்வி, "இப்படத்தை எப்போது எடுக்கிறார்கள்?" என்பது. சென்டினல்-2 என்று ஐரோப்பாக்காரர்களுடைய சாட்டிலைட், 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, இரண்டு சாட்டிலைட் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒரு தரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும், காலை பத்தரை மணி வாக்கில் வரும் என்று சொல்லி, தேதியையும் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து காலண்டரில் அமாவாசை, கார்த்திகை, சஷ்டியோடு சாட்டிலைட்டும் ஏறிவிட்டது. அந்த நாளில் பத்து மணிக்குள் வாசல் கூட்டியாக வேண்டும். கொடியில் காய்கிற துணி எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும்.

"டீச்சரம்மா, அதில் ஒரு புள்ளி, பிக்சல் என்பார்கள், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். கொடியே தெரியாது, துணி எங்கே தெரியப்போகிறது?"

"தெரியாது என்று உன்னிடம் கூறியிருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பதை அவர்கள் உனக்குக் கூறுவார்களா?"

இதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

உண்மையில் அவர் அவ்வளவு கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். தென்கிழக்கிலிருந்து வருகிற கடல் காற்று தீவின் நடுமேட்டில் ஏறினால் மேகமாகத்தான் நிற்கும். அந்த மேட்டிலுள்ள கியூர்பீப் ஊரில் குடையில்லாமல் வெளியே போகிறவன் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். எங்கள் பக்கமும் ஏறக்குறைய அதே கதைதான். சாட்டிலைட் ஒழுங்காக வரும், பத்தரைக்கு ஒழுங்காக மேகமும் வந்து நிற்கும். நான் இறக்கிய படங்களில் பாதிக்கு மேல் வெறும் பஞ்சுப் பொதி. ரேடார் சாட்டிலைட் என்றால் மேகத்தைத் துளைத்துக்கொண்டு பார்க்கும், ராத்திரியிலும் பார்க்கும் என்று ஒருநாள் புலம்பலோடு சொன்னேன். "எனில், நீ முதலிலேயே அதனைக் கற்றிருக்கலாமே" என்றார். என் வழிகாட்டிப் பேராசிரியர் அதையே பல மாதம் கழித்துச் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சரம்மாவுக்கு என் படிப்பின்மேல் மரியாதை வந்தது. பக்கத்து ஊரில் பையன்கள் பந்து விளையாட பிளாஸ்டிக் புல் போட்ட சின்ன மைதானம் ஒன்று உண்டு. கண்ணுக்குக் கரும்பைவிடப் பச்சையாக இருக்கும். சிவப்புப் படத்தில் பார்த்தால் அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி கிடந்தது. பிளாஸ்டிக்குக்கு இலையின் வித்தை தெரியாதே. டீச்சரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காப்பி அடித்தவன் அகப்பட்டுக்கொண்டான்!" என்று மேசையைத் தட்டினார். நாற்பது மாணவர்களைக் கண்ணாலேயே கட்டி மேய்த்தவருக்கு இது புரியாமல் போகுமா? விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் போதவில்லை. லெ மோர்ன் மலைக்கு எதிரே கடலுக்கு அடியில் அருவி விழுவதை சாட்டிலைட்டில் காட்டு என்று நச்சரித்தார்கள். அருவி கிடையாது, மணலும் வண்டலும் ஆழத்துக்குச் சரிகிற இடம் மேலிருந்து பார்க்க அப்படித் தோன்றுகிறது என்றேன். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது லிச்சி மரத்துக்கு வருவோம்.

டீச்சரம்மா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுத் தோந்தோன் (கிரியோலில் மாமா) வீட்டுக்கும் நடுவே ஒரு லிச்சி மரம். மரத்துக்கு இரு பக்கமும் சுவர் வந்து நின்றுவிடும், மரம் இருக்கிற இடத்தில் மட்டும் சுவர் கிடையாது. அந்தக் காலத்து எல்லைக் கல், சாக்கடை வெட்டும்போது காணாமல் போய்விட்டது. மரம் யாருடையது என்பதில் இரண்டு வீட்டுக்கும் வருஷத்தில் பதினொரு மாதம் கருத்து வேறுபாடு கிடையாது. லிச்சி பழுக்கிற சமயத்தில் மட்டும் உண்டு. இந்த முறை பூ எடுக்கும்போதே பேச்சு ஆரம்பித்து, அவர்கள் இருவரும் ஒரு சாயங்காலம் மாடி ஏறி என் அறைக்கே வந்துவிட்டார்கள். தோந்தோன் கையில் ஒரு தட்டு காத்தோ பிமாங். நம் பருப்பு வடைக்குத் தம்பி முறை. லஞ்சம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"மேலிருந்து பார்த்தால் யார் பக்கம் என்று தெரிந்துவிடுமே, கொஞ்சம் பார்த்துச் சொல்" என்றார் தோந்தோன்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். இங்கே நிலத்தை அர்ப்பானிலும் பெர்ஷிலும்தான் சொல்வார்கள். ஒரு பெர்ஷ் என்பது 42 சதுர மீட்டர் சொச்சம். ஆளுக்குப் பத்துப் பெர்ஷ் என்றால் 422 சதுர மீட்டர். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி நூறு சதுர மீட்டர். ஆக டீச்சரம்மாவின் வீடு, தோட்டம், துளசி மாடம், நான் உட்பட எல்லாம் சேர்த்து நாலு புள்ளி. தோந்தோனும் நாலு புள்ளி.

"முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்துக் கட்டிய வீடு, தம்பி" என்றார் டீச்சரம்மா. "நான்கு புள்ளியா?"

ஆறுதலாக இருக்கட்டுமே என்று லேண்ட்சாட்டைப் பற்றியும் சொன்னேன். 1972-லிருந்து உலகத்தையே படம் எடுத்து வருகிற அமெரிக்க சாட்டிலைட் பரம்பரை. இப்போதைய லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். புள்ளி வசமாக விழுந்தால் இரண்டு வீடும் மரமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும், எல்லைத் தகராறுக்கே இடமில்லை. இருவருமே சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டிருப்பார்கள். ஆனால் தோந்தோனின் மகனுக்கு கூகுள் எர்த் தெரியும். அதில் வீட்டுக் கூரை, கார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் தெரிகிறதே, அதில் பார்க்கலாமே என்றான். திறந்தோம். லிச்சி மரம் உருண்டையாக, பச்சையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோந்தோன் பக்கம் நின்றது. தோந்தோன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். டீச்சரம்மா கிரியோலுக்கு மாறினார்.

அந்த நேரத்தில் பையன் பழைய வருஷப் படங்களைப் பார்க்கிற பட்டனை அழுத்தினான். பழைய படத்தில் அதே மரம் நகர்ந்து வந்து டீச்சரம்மா பக்கம் நின்றது. இன்னொரு வருஷத்துக்குப் போனால் மரம் நடுவில். அதற்கும் முந்தையதில் மரம் மறுபடி தோந்தோன் பக்கம், கூடவே டீச்சரம்மாவின் சமையலறையும் ஒரு ஜன்னல் அகலத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. "இதோ, சமையலறையும் எனதுதான்" என்று தோந்தோன் சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

சாட்டிலைட் ஒவ்வொரு தரமும் நேர் கீழே பார்ப்பதில்லை, சாய்ந்தும் பார்க்கும். உயரமான மரமும் கட்டடமும் படத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். ஒவ்வொரு வருஷப் படத்தையும் பூமியில் ஒட்டவைக்கும்போது சில மீட்டர் முன்னே பின்னே போகும். மேலிருந்து தெரிவது கிளைதான், அடிமரம் இல்லை. நான் இவ்வளவையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மறுநாளே தெரு, பழைய படக் கட்சி, புதிய படக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. தோந்தோன் தனக்குச் சாதகமான வருஷத்தை லேமினேட் செய்து வரவேற்பறையில் முருகன் படத்துக்குக் கீழே மாட்டினார். கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்த ஒருவர் என்னிடம் நெருங்கி, "எங்கள் பக்கம் மாமரம் ஒன்று இருக்கிறது, எந்த வருஷம் நல்லா வரும்?" என்று மெல்லக் கேட்டார்.

கடைசியில் டீச்சரம்மாவின் தம்பி தலையிட்டு, சர்வேயரைக் கூப்பிடுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். இங்கே நில அளவையாளர் சத்தியப் பிரமாணம் எடுத்தவர். அவர் ஊன்றிய முளைக்குத்தான் மதிப்பு, என் மாதிரி மாடி அறை ஆசாமிக்கு இல்லை. தொப்பியும் மூன்று கால் ஸ்டாண்டுமாக வந்தார். பழைய பத்திரத்தைப் படித்தார், தெருமுனையில் ஒரு கல்லைத் தோண்டி எடுத்தார், ரிசீவர் பொருத்திய கம்பை அங்கும் இங்கும் நட்டார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"இந்தக் கருவி இரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்லும். உங்களுடையது?"

"பத்து மீட்டர்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பை என் கையில் கொடுத்து, "அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்று மத்தியானம் முழுக்க நான் செய்த தொலையுணர்வு அதுதான்.

எல்லைக் கோடு அடிமரத்தின் நட்டநடுவே போயிற்று. ஒரு கை அகலம்கூட யார் பக்கமும் சாயவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு ஏமாற்றம். அளவைக் கூலியை யார் கொடுப்பது என்று ஒரு வாரம் ஓடியது. அதையும் நடுவில் வெட்டிக்கொண்டார்கள். லேமினேட் செய்த படத்தைத் தோந்தோன் கழற்றவில்லை, "காசு கொடுத்துப் போட்டது, இருக்கட்டும்" என்றார்.

நவம்பர் கடைசியில் பழம் சிவந்தது. இரண்டு வீடும் சேர்ந்து மரத்துக்கு வலை போட்டார்கள். வலை தோந்தோனுடையது, ஏணி டீச்சரம்மாவுடையது, ஏறியவன் நான். அப்படியும் ராத்திரியில் பழந்தின்னி வௌவால்கள் வந்துவிட்டன. முற்றத்தை அளக்கிற மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு வருகிற பெரிய ஜாதி. இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கே சொந்தமானவை, எல்லைக் கல்லெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. வலையின் ஓட்டை வழியாக இரு பக்கமும் சரிசமமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தன. காலையில் மரத்தடியில் கொட்டையும் தோலுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு டீச்சரம்மா மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"தம்பி! இவை எங்கிருந்து வருகின்றன என்று உன் சாட்டிலைட்டில் பார்த்துக் கூற இயலுமா?"

"அது காலை பத்தரைக்குத்தான் வரும் டீச்சரம்மா. அப்போது வௌவால் தூங்கிக்கொண்டிருக்கும்."

"நீயும்தான்" என்றார் டீச்சரம்மா. "இறங்கி வந்து தோலைக் கூட்டு."