வண்டியோடு வரும் தண்ணீர்

பெங்களூரில் தோட்டம் போட்டுக் கொடுக்கும் வேலைக்குச் செடி, செம்மண், எரு, புல் பத்தை எல்லாம் நாங்கள் கொண்டு போவோம். தண்ணீர் மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. இந்த வழக்கம் சர்ஜாபூர், வர்த்தூர் பக்கம் புதுக் கட்டடங்களில் வேலை எடுத்தபோது எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அங்கே போர்வெல் போட்டிருக்க மாட்டார்கள், காவிரி இணைப்பும் வந்திருக்காது. வருகிற டேங்கர் தண்ணீரை மேஸ்திரி கான்கிரீட் நனைக்க வைத்துக்கொள்வார். அவர் வேலைக்கு அது வேண்டும்தான். ஆனால் ஏப்ரல் வெயிலில் காலையில் நட்ட செடி சாயங்காலம் வரை காத்திருக்காதே.

எங்களோடு வேலை செய்யும் தருமபுரி அக்கா பக்கத்துத் தெரு சம்பிலிருந்து குடத்தில் மொண்டு சுமந்து வந்து ஊற்றுவார். "செடி வைக்க வந்தேனா, தண்ணி தூக்க வந்தேனா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. செடி பட்டுப்போனால் பேர் கெடுவது எங்களுக்கு. தண்ணீர் மட்டும் வேறொருவர் கையில். இது சரிப்படாது, தண்ணீரையும் நாங்களே வண்டியில் கொண்டு போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீரை விடக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. எங்கள் தொழிலுக்கு இடைஞ்சல்தான், ஆனாலும் அது நியாயம் என்றே எனக்குப் பட்டது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் இது. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து காவிரியைப் பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்ச மனசு வராது. இன்னொரு பக்கம், பெரிய அடுக்ககங்கள் பலவற்றில் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர் செலவாகாமல் மிஞ்சுகிறது. கேட்டால் தருகிறார்கள். ஆக, தண்ணீர் இருக்கிறது, அதை எடுத்துப் போக வழிதான் இல்லை.

எவ்வளவு எடுத்துப் போவது? ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 100 சதுர மீட்டருக்கு, அதாவது ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே, 500 லிட்டர் ஆகும். லிட்டருக்கு ஒரு கிலோ, அரை டன். எங்களிடம் இருப்பது குட்டி யானை என்று சொல்கிற சின்ன சரக்கு வண்டி, 750 கிலோ ஏற்றலாம். கம்பிக்கூண்டு போட்ட 1,000 லிட்டர் தொட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் சொன்னார்கள். நிரப்பினால் எடை தாங்காது. பாதி நிரப்பினால் அதைவிட ஆபத்து. திருப்பத்தில் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் அடித்து வண்டியைச் சாய்க்கும். அதனால் 200 லிட்டர் நீல டிரம் மூன்று என்று தீர்மானித்தோம்.

பழைய டிரம் வாங்கும்போது முதல் கேள்வி, அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதுதான். பழச்சாறு, சர்க்கரைப் பாகு வந்தது என்றால் வெந்நீர் விட்டுக் கழுவி எடுக்கலாம். களைக்கொல்லி, ரசாயனம் இருந்ததைத் தொடவே கூடாது. லேபிளைக் கிழித்த டிரம்மை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

வாய் குறுகிய டிரம்மின் அடியில் குழாய் பொருத்துவது சிரமம். உள்ளே கை போகாது, நட்டை முறுக்க முடியாது. டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பிரச்சினை தீர்ந்தது. இருக்கிற மூடியிலேயே துளை போட்டு டேங்க் நிப்பிள் என்கிற குழாய் இணைப்பை மாட்டி, டெஃப்லான் டேப் சுற்றித் திருகிவிட்டோம். இப்போது மேலே வந்துவிட்ட அடிப்பாகத்தில் நிரப்புவதற்கு ஒரு வட்டம் வெட்டி, கொசுவலையும் மூடியும் போட்டோம். இந்த மேல் மூடியில் காற்று போக ஓட்டை அவசியம். இல்லையென்றால் தண்ணீர் இறங்க இறங்க டிரம் உள்ளுக்குள் ஒடுங்கும். கீழே குழாய் ஓட இடம் வேண்டுமே, அதற்கு அரை அடி உயரத்தில் ஆங்கிள் இரும்பு ஸ்டாண்ட். வெல்டிங் அண்ணன் அதை வண்டித் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார். டிரம்களுக்குக் குறுக்கே இழுத்து இறுக்கும் ராட்செட் பெல்ட். மற்ற சாமான்கள் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஒரே தெருவில் கிடைத்துவிட்டன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வால்வு வைத்த முறை. மூன்றையும் ஒரே குழாயில் சேர்த்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் திறந்து மூட ஒரு வால்வு (ball valve) உண்டு. ஒரு டிரம்மை முழுக்கக் காலி செய்த பிறகே அடுத்ததைத் திறப்போம். நிறைந்த டிரம்மில் தண்ணீர் அலையாது, காலி டிரம்மில் அலைய ஒன்றுமில்லை. ஆக, வழியில் எந்த நேரமும் குறையாக இருப்பது ஒரே ஒரு டிரம்தான். முதலில் பின்பக்க டிரம்மைக் காலி செய்கிறோம், எடை கேபின் பக்கமே நிற்கும்.

மரக்குழிகளுக்குப் பம்ப் தேவையில்லை. வண்டி நிற்கிற உயரமே போதும், ஒரு இஞ்ச் ஓஸில் தண்ணீர் மெதுவாக இறங்கும். மெதுவாக இறங்குவது நல்லதும்கூட. இந்த ஊர்ச் செம்மண்ணில் வேகமாக விட்டால் மேலோடு வழிந்து தெருவுக்குப் போய்விடும். "மண்ணு குடிக்கிற வேகத்துக்குத்தான் விடணும்" என்பார் அக்கா. இப்போது வால்வு அவர் பொறுப்பில்தான். புல்தரைக்கு மட்டும் 12 வோல்ட் சின்னப் பம்ப்பும் பூவாளித் தலையும். பம்ப்புக்கு முன்னால் வடிகட்டி வைக்காவிட்டால் சுத்திகரித்த தண்ணீரில் வரும் தூசி அதை அடைத்துவிடும். இந்தத் தண்ணீர் குடிக்கக் கூடாதது என்று டிரம்மில் தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாக எழுதியிருக்கிறோம். தளத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள்.

ஹொரமாவு பக்கம் தோட்ட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அளவு கேட்டு வந்தார். அவருடையது மூன்று சக்கர வண்டி. ஆர்.சி.யில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றிதழில், போட்டிருக்கிற எடையைச் சேர்ந்து பார்த்தோம். அவருக்கு இரண்டு டிரம்முக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, ஸ்டாண்டுக்கான படத்தை அதற்கேற்ப வரைந்து கொடுத்தேன்.