ஒப்புக்கு ஒரு ஸ்விட்ச்

எட்டு மாசமா என் கிடார் ஆம்ப்ளிஃபயர்ல, அதான் ஆம்ப்ல, இருக்கற ஒரு ஸ்விட்ச்ச மேலயும் கீழயும் தட்டித் தட்டி, ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு இரையற ஹம் சத்தத்த காத தீட்டி வெச்சுக் கேட்டு, "ம்ம், இப்ப ஹம் கொஞ்சம் கம்மியாயிருக்கு"ன்னு எனக்கு நானே சொல்லிட்டு இருந்திருக்கேன். ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்னு பாக்க போன வாரம் மேனுவல எடுத்தா, கிரவுண்ட் ஸ்விட்ச்னு போட்டு பக்கத்துலயே ஒரே வரில இது வேலை செய்யாது, பழைய தோற்றத்துக்காக வெச்சதுன்னு இருக்கு. நம்பல. ட்யூப் மாத்த வந்த டெக்னீஷியன் ஆம்ப்ப திறந்தப்ப "அண்ணே, அந்த ஸ்விட்ச் பின்னாடி மட்டும் கொஞ்சம் பாருங்க"ன்னேன். மொட்டையா இருந்துச்சு, ஒரு ஒயர் கூட இல்ல. அவர் சிரிச்சாரு, நானும் சிரிச்சு வெச்சேன், வேற என்ன பண்றது.

என்னோடது 50கள்ல வந்த ஒரு ஆம்ப்போட ரீஇஷ்யூ, அதாவது பழைய மாடலயே திரும்ப செஞ்சு விக்கறது. அந்தக் காலத்து ஒரிஜினல்ல இந்த ஸ்விட்ச்சுக்கு நிஜமாவே வேலை இருந்துச்சு. ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ மாதிரி ட்வீட் ஆம்ப்கள்ல மேல் பேனல்லயே இருக்கும், 60கள்ல வந்த பிளாக்ஃபேஸ் ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப்ல பின்பக்கம் போயிடுச்சு. அப்ப அமெரிக்காவுல ஆம்ப்புக்கு வந்தது ரெண்டு பின் பிளக், எர்த் கிடையாது, அதுவும் எந்தப் பக்கம் வேணா திருப்பிச் சொருகலாம். அதனால கரண்ட் வர்ற ஃபேஸ் எந்த ஒயர்ல இருக்கு, நியூட்ரல் எதுலன்னு ஆம்ப்புக்கும் தெரியாது, வாசிக்கறவனுக்கும் தெரியாது. இதுக்கு அவங்க பண்ண ஏற்பாடு என்னன்னா, சேஸிஸ்ல, அதாவது ஆம்ப் உள்ள இருக்கற உலோகச் சட்டத்துல இருந்து ஒரு சின்ன கண்டென்சர், பாஸ்மேன்ல 0.05 மைக்ரோஃபாரட், 600 வோல்ட், அத இந்த ஸ்விட்ச் வழியா மெயின்ஸோட ஒரு ஒயர்ல சேர்த்து விடுறது. ஸ்விட்ச்சத் தட்டினா அந்த ஒயருக்கு பதிலா இன்னொரு ஒயர்ல சேரும். நியூட்ரல் பக்கம் விழுந்தா ஹம் அடங்கும், ஃபேஸ் பக்கம் விழுந்தா ஹம் ஏறும், கூடவே கிடார் கம்பில கைய வெச்சா சுருக்குன்னு இருக்கும். பிளக்க பிடுங்கி திருப்பிச் சொருகறதுக்கு பதிலா ஒரு தட்டு, அவ்ளோதான் விஷயம்.

இந்த சுருக்கு எவ்ளோன்னு நான் கணக்கு போட்டுப் பாத்தேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்ல அந்த கண்டென்சர் கிட்டத்தட்ட 53 ஆயிரம் ஓம் மாதிரி நடந்துக்கும், அப்ப 2 மில்லி ஆம்பியருக்கு கொஞ்சம் மேல உடம்பு வழியா போகலாம். கடிக்கும், ஆனா ஆளத் தூக்காது. ஆனா இது கண்டென்சர் நல்லா இருக்கற வரைக்கும்தான். அது உள்ள ஷார்ட் ஆச்சுன்னா முழு மெயின்ஸும் நேரா சேஸிஸ்ல வந்து நிக்கும், சேஸிஸ்ல இருந்து கிடார் கேபிள் ஷீல்டு, அங்கருந்து கம்பி, கம்பில உங்க விரல், எதிர்ல எர்த் ஆன மைக்ல உங்க உதடு. ஆம்ப் ரிப்பேர் பண்றவங்க அந்த கண்டென்சருக்கு டெத் கேப், அதாவது சாவு கண்டென்சர்னு பேர் வெச்சது சும்மா இல்ல. எர்த் சரியில்லாத மேடையில என்ன ஆகும்ங்கறதுக்கு லெஸ் ஹார்வி இருக்காரு, ஸ்டோன் த குரோஸ் பேண்டோட கிடாரிஸ்ட், 1972 மே மாசம் ஸ்வான்சீல மேடையிலயே மைக்க தொட்டப்ப ஷாக் அடிச்சு இறந்து போனாரு. அதுக்கு காரணம் இந்த கண்டென்சர்னு நான் சொல்ல வரல, எர்த்தோட யாரும் விளையாடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

மூணு பின் பிளக் வந்ததும் கதையே மாறிடுச்சு. சேஸிஸ் நேரா எர்த்ல உக்காந்தாச்சு, இனிமே அந்த கண்டென்சருக்கு அங்க வேலையே இல்ல, சொல்லப்போனா மெயின்ஸ்ல இருக்கற குப்பைய சேஸிஸ்க்கு கொண்டு வர்றதுதான் மிச்சம். அதனால விஷயம் தெரிஞ்ச டெக்னீஷியன் கையில ஒரு பழைய ஆம்ப் போனா மொதல்ல நடக்கறது மூணு கோர் கேபிள் போட்டு அந்த கண்டென்சர வெட்டி எடுக்கறதுதான், ஸ்விட்ச் மட்டும் பேனல்ல ஓட்டை தெரியக் கூடாதுன்னு அப்படியே நிக்கும். ரீஇஷ்யூவும் அதே கதைதான், ஆனா அங்க ஃபேக்டரியிலயே டம்மியா வெச்சு அனுப்பிடறாங்க.

இது ஏமாத்து வேலைன்னு ஒரு கோஷ்டி கோவப்படுது. எனக்கு அப்படித் தோணல. பழைய பேனல் அப்படியே வேணும்னு கேக்கறதும் நாமதான், அந்த ஸ்விட்ச் இல்லன்னா "ஐயோ ஒரிஜினல் மாதிரி இல்லையே"ன்னு அழறதும் நாமதான். கோவம் வந்தா இன்னொரு ஆளுங்க மேலதான் வரணும், டம்மியா கிடக்கறது பொறுக்காம பழைய சர்க்யூட் டயக்ராமப் பாத்து கண்டென்சர் வாங்கி சால்டர் பண்றவங்க. தயவு செஞ்சு வேணாம். அந்த ஸ்விட்ச்ச நெகட்டிவ் ஃபீட்பேக், அதாவது அவுட்புட்ல கொஞ்சத்த திருப்பி உள்ள விட்டு சத்தத்த சீராக்கற சர்க்யூட், அத ஆன் ஆஃப் பண்றதுக்கு மாத்திக்கறவங்க இருக்காங்க, அது நல்ல யோசனைதான், ஆனா ஆம்ப் ஆஃப்ல இருந்தாலும் உள்ள ஃபில்டர் கண்டென்சர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், அதனால தெரிஞ்சவங்க கையால பண்ணுங்க.

அதவிட மோசம் ஹம் போகணும்னு பிளக்ல எர்த் பின்ன உடைக்கறது. கிடார் சிக்னல மிக்ஸருக்கு அனுப்பற டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கே, அதத்தானே பண்றேன்னு ஒருத்தர் என்கிட்டயே வாதாடினாரு. அது வேற சார், அது பிரிக்கறது சிக்னல் கேபிளோட கிரவுண்ட, உங்க உயிரக் காப்பாத்தற எர்த்த இல்ல.

சரி என் ஹம்முக்கு வருவோம். கிடார் வால்யூம ஜீரோவுக்கு கொண்டு வந்தா ஹம் போயிடுது, அப்ப ஆம்ப் மேல தப்பில்ல. கம்பி அதிர்வ சிக்னலா மாத்தற பிக்கப் என்னோடதுல சிங்கிள் காயில், சுத்தி இருக்கற காந்தப்புலத்தையும் சேத்துப் பிடிச்சுக்கற வகை, நான் உக்கார்றது ஆம்ப்புக்கு ரெண்டு அடி தள்ளி, பவர் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு நேரா மூஞ்சிய காட்டிட்டு. அந்த ட்ரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலம் நேரா காயில்ல ஏறிட்டு இருந்துருக்கு. ஸ்விட்ச்சத் தட்டிட்டு திரும்பி வந்து உக்காரும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற கோணத்துல உக்காந்திருப்பேன் போல, அதனாலதான் சில நேரம் நிஜமாவே கம்மியா கேட்டுச்சு, என் காது மேல முழுப் பழியும் போட முடியாது!

இப்ப நாற்காலிய சுவர் பக்கமா திருப்பி, நாலு அடி தள்ளிப் போட்டிருக்கேன். ஹம் முக்கால்வாசி போயிடுச்சு. ஆம்ப் ஆன் பண்ணதும் கை மட்டும் இன்னும் தானா அந்த ஸ்விட்ச்சுக்குத்தான் போகுது.